நீத்துப்பூசணிக் கேஸ்

இருங்கோ அண்ணை, எழும்பாதேங்கோ. நான் பொலிஸ் இல்லை. இந்தப் பச்சை உடுப்பைக் கண்டால் ஆக்கள் வெருளுகினம்தான், உங்களை மட்டும் சொல்லேல்லை. இது ரோட்டுக் கூட்டுற ஆக்களின்ர உடுப்பு. இஞ்சை பாருங்கோ, தும்புத்தடி. எந்தப் பொலிஸ் தும்புத்தடியோடை வரும்?

நீங்கள் வெலோவிலை கொண்டுபோற சாப்பாட்டு ஓடர் இன்னும் வரேல்லைத்தானே. உள்ளுக்கை கொத்துத் தட்டுற சத்தமே கேக்கேல்லை, அவை இப்பத்தான் ரொட்டி வெட்டத் தொடங்கியிருப்பினம். நானும் இதிலை இருக்கிறன் கொஞ்சம். எனக்குச் சாப்பாட்டு நேரம். அந்தா, வளைவிலை நிண்டு ரோட்டோரத் தண்ணியைத் திறந்து விடுறார், உயரமான மனுசன், அவர்தான் ரொபேர். என்ர ஷெஃப், கூட்டுற வேலைக்குப் பொறுப்பாளர். எனக்குச் சாப்பாட்டு நேரம் எண்டது அவருக்கும் தெரியும், ஆனாலும் பாத்துக்கொண்டுதான் நிப்பார்.

ஓம், தமிழ்தான். இஞ்சை பிறந்த தமிழ். வீட்டிலை அம்மா தமிழிலை பேசுவா, நான் ஃபிரெஞ்சிலை திருப்பிப் பேசுவன், அப்பிடியே ரெண்டு பேருக்கும் தொண்டை கட்டும். உங்களோடை ஃபிரெஞ்சிலை கதைச்சால் உங்களுக்கு விளங்காதெல்லே, அதாலை தமிழிலை கதைக்கிறன். பிழை வந்தால் சிரிக்காதேங்கோ.

சம்பளமோ? சம்பளம் ஒண்டும் இல்லை. கேஸ் ஒண்டாலை வந்த வேலை இது.

ஐயோ, திரும்பவும் எழும்புறியள். களவெடுக்கேல்லை அண்ணை. ஆரையும் வெட்டவும் இல்லை. நீத்துப்பூசணிக்காய் உடைச்சனான்.

சிரியுங்கோ, சிரியுங்கோ. எல்லாரும் சிரிக்கினம். பொலிஸ் கொமிசாரியாவிலை கேஸ் எழுதினவன் பேனையை வைச்சிட்டுச் சிரிச்சவன். அம்மா மட்டும்தான் சிரிக்கேல்லை. அவ ஆக்களுக்குச் சொல்லுறது, மோன் நகரசபையிலை ஸ்தாஜ் செய்யிறான், ஒஃபிஸ் வேலை பழகிறான் எண்டு. நான் இஞ்சை லாச்சப்பல் நடு ரோட்டிலை தும்புத்தடியோடை நிக்கிறன், சாமான் வாங்க வாற அம்மாவின்ர கூட்டாளிமார் எல்லாரும் என்னைக் கடந்துதான் போகோணும். என்ன தம்பி, ஸ்தாஜோ எண்டு கேட்டுக்கொண்டு போகினம். ஓம் அன்ரி, காலைத் தூக்குங்கோ, கூட்டோணும் எண்டுவன்.

றமேஸ் மாமாவைத் தெரியுமோ? அம்மாவின்ர தம்பி. இந்த ரோட்டிலைதான், ரூ பிலிப்-து-ஜிராரிலை, கீழை போனால் றோஸ் நிறத்திலை ஒரு கேக் கடை. பிறந்தநாள் கேக், சாமத்தியவீட்டுக் கேக், ஒண்டுக்கு மேலை ஒண்டா முகட்டிலை முட்டுற கேக், பலூன் வளைவு, எல்லாம் செய்வினம். கண்டிருப்பியள். அதின்ர திறப்பு விழாவிலைதான் இந்தக் கூத்து நடந்தது.

ஐயர் வந்து, பூசை எல்லாம் முடிச்சு, கடைசியா நாவூறு கழிக்கோணும். உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. காயிலை ஓட்டை போட்டு, உள்ளுக்கை குங்குமத்தைக் கரைச்சு ஊத்தி, சில்லறை போட்டு, மேலை கற்பூரம் கொளுத்தி, கடைக்கு முன்னாலை சுத்திக் காட்டி, நாச்சந்தியிலை கொண்டுபோய் போட்டு உடைக்கோணும். ஆர் உடைக்கிறது? எல்லாற்ற கண்ணும் என்னிலை.

ஏனெண்டால் நான் படிப்பை விட்டனான். படிப்பை விட்ட பெடியன் சொந்தக்காரர் எல்லாருக்கும் பொதுச்சொத்து அண்ணை. சோபா தூக்கோணுமெண்டால் கிருஷிகனைக் கூப்பிடு. ஆரும் வெளிநாட்டிலை இருந்து வந்தால் எயாப்போட்டுக்கு கிருஷிகனை அனுப்பு. சும்மாதானே நிக்கிறான். ஓம், கிருஷிகன்தான் என்ர பேர். கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தேஞ்சு போச்சு.

ஏன் விட்டனானோ? இதைத்தான் எல்லாரும் கேக்கினம். அடிச்சவையோ, பெட்டைப் பிரச்சினையோ எண்டு. ஒண்டும் இல்லை. எனக்குக் கதிரையிலை இருக்கேலாது. காலை ஆட்டுவன், மேசையிலை தட்டுவன், வெளியிலை பாப்பன். ஒரு நாள் இடைவேளைக்கு வெளியிலை போனன், திரும்பி உள்ளுக்கை போகேல்லை. அவ்வளவுதான். பெரிய கதை ஒண்டும் இல்லாததாலை ஆருக்கும் நம்பிக்கை வருகுதில்லை. இப்பவும் பாருங்கோ, கால் ஆடுது. உங்கட தேத்தண்ணி ஊத்துண்ணப் போகுது, அங்காலை வையுங்கோ.

சரி, எங்கை விட்டனான்? ஓம். மாமா காயைக் கையிலை தந்து வடிவாச் சொல்லி விட்டவர். நாச்சந்தியின்ர நட்ட நடுவிலை போடு. ஓரத்திலை போடாதை, ஓரத்திலை போட்டால் அரைவாசிதான் கழியும். போட்டிட்டுத் திரும்பிப் பாக்காமல் வா. வந்து வாசல்லை காலைக் கழுவிப்போட்டு உள்ளுக்கை வா. ஏன் திரும்பிப் பாக்கக்கூடாது எண்டு கேட்டனான். பாத்தால் கழிச்சது முழுக்க உன்ர தோளிலை ஏறிக்கொண்டு திரும்பி வந்திடும் எண்டார். கேக் கடைக்காரருக்கு இதெல்லாம் ஆர் சொல்லிக் குடுத்தது எண்டு நினைச்சன். மாமா அண்டைக்குப் பட்டு வேட்டி கட்டி, சரியான பதட்டத்திலை நிண்டவர்.

ஊரிலை நாச்சந்தி நடுவிலை போட்டால் என்ன வரப்போகுது? மாடு வந்து தின்னும். உங்களுக்குத் தெரியும், நீங்கள் கண்டிருப்பியள். எந்த இடம் அண்ணை நீங்கள்? விசுவமடுவோ. எனக்கு உந்த இடமெல்லாம் கலியாண வீட்டிலை ஆக்கள் ஆளுக்காள் கேக்கிற பேர்தான், படத்திலை காட்டச் சொன்னால் கடலுக்கைதான் கையை வைப்பன். அதை விடுங்கோ. இஞ்சத்தையான் நாச்சந்தி நடுவாலை வெலோப் பாதை போகுது, சைக்கிளுக்கெண்டே. மாமாவுக்குத் தெரியாமலில்லை. நான் பிறக்க முந்தியே அவர் இந்த ரோட்டிலை நிக்கிறார். ஆனால் அண்டைக்கு அவற்ற கண்ணுக்கு வெலோப் பாதை தெரியேல்லை, நாச்சந்தி மட்டும்தான் தெரிஞ்சது. எங்கட ஆக்களுக்கு அப்பிடித்தான், பூசை எண்டு வந்தால் ரோட்டுக் கோடெல்லாம் அழிஞ்சு போகும். போதாததுக்கு ஐயர் குறிச்சுக் குடுத்த நல்ல நேரம், பிள்ளையள் பள்ளிக்கூடம் போற நேரம். வெலோ எல்லாம் ஈசல் மாதிரி.

நான் வெறுங்காலோடை போனனான். செருப்புப் போடக்கூடாதாம். குளிருக்கை இந்த ரோட்டிலை வெறுங்காலோடை நடந்து பாருங்கோ, அப்ப விளங்கும். சிவப்பு விளக்கு விழுந்தவுடனை நடுவிலை போய் நிண்டு, தலைக்கு மேலை தூக்கிப் போட்டன். சும்மா சொல்லக்கூடாது, வடிவா உடைஞ்சது. தேங்காய் மாதிரி டக் எண்டு இல்லை, சொத்தெண்டு ஒரு சத்தம். சில்லறை எல்லாம் உருண்டு ஓடுது. குங்குமத் தண்ணி என்ர கால் முழுக்கத் தெறிச்சுது. நான் திரும்பி நடந்தன். பின்னாலை வெலோ ஒண்டு விழுந்த சத்தம் கேட்டது. ஒரு பொம்பிளை கத்தினது கேட்டது. நான் நடந்துகொண்டே போனன். சொன்னதைச் செய்யிற பெடியன்தானே.

வாசல்லை மாமி போத்தில் தண்ணியோடை நிண்டவ. ஒரு காலைக் கழுவியாச்சு. மற்றக் கால் கழுவ முந்திப் பொலிஸ் வந்திட்டுது. எப்பிடிப் பிடிச்சவையோ? என்ர காலாலைதான். நாச்சந்தியிலை இருந்து கடை வாசல் மட்டும் சிவப்புச் சிவப்பாக் காலடி. வடிவா, விரலெல்லாம் தெரியுது. லட்சுமி வாறதுக்குக் கால் போடுறமெல்லே வீட்டிலை, அச்சு அசல் அப்பிடி. கடைக்கு லட்சுமி வருவா எண்டு பாத்தால் பொலிஸ் வந்தது.

அந்தக் கத்தின மனுசி ஃபோன் அடிச்சுச் சொன்னது, ரோட்டிலை ஒருத்தன்ர தலை வெடிச்சுக் கிடக்குதெண்டு. அவவிலை பிழை சொல்லேலாது. பூசணித் தசை வெள்ளை, குங்குமம் சிவப்பு, பக்கத்திலை ஒரு வெலோ விழுந்து கிடக்கு. என்னைத் திருப்பி அங்கை கூட்டிக்கொண்டு போய்க் காட்டினவை. ஒரு பொலிஸ் பெட்டை கையுறையாலை ஒரு துண்டைத் தூக்கி மணந்து பாத்திட்டு மற்றவனுக்குச் சொல்லுறாள், இது மரக்கறி எண்டு. எனக்குச் சிரிப்பு வந்திட்டுது. அதுதான் நான் விட்ட பிழை. சிரிக்காமல் நிண்டிருந்தால் குற்றக்காசோடை விட்டிருப்பாங்கள் எண்டு மாமா இண்டைக்கும் சொல்லுறார்.

ஆனால் அது மட்டும் இல்லை. விழுந்த ஆளைக் காணேல்லை. அதுதான் பிரச்சினையே. பாத்த ஆக்கள் சொன்னவை, உங்களை மாதிரி சாப்பாட்டுப் பெட்டி கட்டின வெலோக்காரன் ஒருத்தன் வந்து சறுக்கி விழுந்தவனாம். கை தோளோடை அடிபட்டதாம். பொலிஸ் சத்தம் கேட்டவுடனை எழும்பி, வெலோவைத் தள்ளிக்கொண்டு ஓடிட்டானாம். குப்பை போட்டது ஒரு குற்றம். அதிலை ஒராள் விழுந்து அடிபட்டால் அது வேறை குற்றம்.

தேத்தண்ணியை என்னண்ணை இடக்கையாலை குடிக்கிறியள்? இடக்கைக்காரரோ?

ஆ, தோளிலை நோ. விழுந்தனீங்களோ? படியிலையோ. சரி. ஓம், படியிலை விழுந்தால் அப்பிடித்தான், தோள்தான் முதல் அடிபடும்.

ஆருக்கும் காட்டினனீங்களோ? எண்ணெய் பூசினால் எலும்பு பொருந்தாது அண்ணை. சரி, சரி, நான் டொக்டர் இல்லை.

அந்தச் சத்தம் உங்கட ஃபோனோ? ஓடர் இல்லையோ. அந்த ஓடர் வாற அப்பிலை, படத்திலை இருக்கிறது ஆர், தாடியோடை? நீங்கள் இல்லைத்தானே. பயப்பிடாதேங்கோ, எனக்குத் தெரியும், எல்லாரும் ஆற்றயோ பேரிலைதான் ஓடுகினம். ஓல்னேயிலை எங்கட கட்டிடத்திலையும் ஒருத்தர் இருக்கிறார். படுத்துக் கிடந்து தாடியை வளத்துக்கொண்டு தன்ர பேரிலை நாலு பேரை ஓட விடுறார். அப்ப உங்களுக்கு பப்பியே, இஞ்சை இருக்கிறதுக்கான பேப்பர், ஒண்டும் இல்லை. அகதிக் கேஸை றிஜெக்ற் பண்ணிப்போட்டாங்களோ? மேல்கோட்டும்? ம்.

இல்லை, சும்மா கேட்டனான்.

நான் என்ர கதையை முடிக்கிறன். இஞ்சை சின்னக் குற்றங்களைக் கோட்டிலை ஏத்தாமல் முடிக்கிற வழி ஒண்டு இருக்கு. நீதவானும் இல்லை, கூண்டும் இல்லை. ஒரு அறை, ஒரு மேசை. மேசைக்கு அங்காலை புறோக்கியூறருக்கு, அதுதான் கேஸ் போடுற அரசாங்கச் சட்டத்தரணிக்கு, பதிலா ஒராள் இருப்பார். செய்தனியோ எண்டு கேப்பார். ஓம் எண்டால், அப்ப இன்னது இன்னது செய் எண்டு சொல்லுவார். செய்து முடிச்சால் ஃபைலை மூடுவினம், அதோடை சரி. செய்யாட்டி ஃபைல் புறோக்கியூறரிட்டைத் திரும்பிப் போகும், பிறகு கோடு, வழக்கு, எல்லாம்.

அம்மாவும் வந்தவ. உமக்குப் பதினெட்டு முடிஞ்சுது, அம்மா வெளியிலை இருக்கட்டும் எண்டிட்டினம். அம்மாவுக்கு அது பெரிய அவமானம். கதவுக்கு வெளியிலை இருந்து அவ விட்ட பெருமூச்சு உள்ளுக்கை கேட்டது.

அந்தாள் நல்லவர். ழான்-லூக். குடும்பப் பேர் என்ர வாயிலை வராது, அதாலை நான் ழான்-லூக் எண்டுதான் சொல்லுறன். பென்சன் எடுத்த வயசு. பூசணிக்காய் ஏன் எண்டு கேட்டார். எப்பிடிச் சொல்லுறது? கண்ணாலை பாத்துப் பொறாமைப்பட்டால் வாற நட்டத்தை அந்தக் காய்க்குள்ளை அனுப்பி உடைக்கிறது எண்டன். அப்ப நீர் ஒரு வகையிலை குப்பை அள்ளுறவர்தான் எண்டார். அதிலை இருந்துதான் அவருக்கு இந்தத் தும்புத்தடி யோசினை வந்திருக்கோணும். நான் வாயைப் பொத்திக்கொண்டு இருந்திருக்கலாம்.

முதல் கண்டிசன், இந்தப் பகுதியைக் கூட்டிற ஆக்களோடை சேந்து கொஞ்ச நாள் கூட்டோணும். அது எனக்குப் பிரச்சினை இல்லை. உண்மையைச் சொன்னால் கதிரையிலை இருக்கிறதை விட இது எவ்வளவோ மேல். ரொபேரிட்டை ஒரு சாவி இருக்கு, அதை நடைபாதைக் கல்லுக்குக் கீழை விட்டுத் திருகினால் ரோட்டோரம் முழுக்கத் தண்ணி ஓடும். பழைய கம்பளத் துண்டைச் சுருட்டிக் கட்டி அதிலை போட்டால் தண்ணி எந்தப் பக்கம் போகோணுமோ அந்தப் பக்கம் திரும்பும். கடைக்காரர் எறிஞ்ச கறிவேப்பிலை, வெத்திலைக் காம்பு, சிகரெட் கட்டை, எல்லாம் வரிசையா ஊர்வலம் போகும். பாத்துக்கொண்டே நிக்கலாம். முதல் நாள் அந்த நாச்சந்தியைத்தான் எனக்குத் தந்தவர். கல்லு இடுக்கிலை பூசணி விதை ஒண்டு இன்னும் ஒட்டிக்கொண்டு இருந்தது. கிளறிக் கிளறி எடுத்தன். ரொபேர் கேட்டார், உன்னுடையதோ எண்டு.

ரெண்டாவது கண்டிசன்தான் இடிக்குது. ழான்-லூக் கேட்டார், விழுந்த ஆளைப் பாத்தனீரோ, முகம் தெரியுமோ எண்டு. நான் சொன்னன், இல்லை முசியே, எங்கட வழக்கத்திலை உடைச்சவர் திரும்பிப் பாக்கக்கூடாது, அதாலை நான் பாக்கேல்லை. அந்தாள் பேனையைக் கீழை வைச்சிட்டார். மெய்யாவோ, ஒருக்காலும் பாக்கக்கூடாதோ எண்டு கேட்டார். பாத்தால் எல்லாம் தோளிலை ஏறி வந்திடும் எண்டு மாமா சொன்னதை அப்பிடியே சொன்னன். தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டிட்டு வடிவா எழுதினார். பேந்து சொன்னார், சரி, நீர் பாக்கேல்லை. ஆனால் ஒரு மனுசன் உம்மாலை விழுந்திருக்கிறார். ரோட்டைக் கூட்டினால் ரோட்டுக்கு ஈடு. அந்த மனுசனுக்கு என்ன ஈடு? உங்கட பகுதியிலை எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும்தானே, தேடும். வாற வெள்ளிக்கிழமை அவரைக் கூட்டிக்கொண்டு வாரும். இந்த மேசையிலை அவருக்கு முன்னாலை மன்னிப்புக் கேளும். அவர் போதும் எண்டு சொன்னால் அந்த இடத்திலையே ஃபைலை மூடுறன். வராட்டி எனக்கு வேறை வழி இல்லை, திருப்பித்தான் அனுப்போணும்.

அனுப்பினால் என்ன எண்டு கேக்கிறியளோ? றுவாசி எயாப்போட்டிலை பிளேனுக்குச் சாமான் ஏத்துற வேலை ஒண்டு எனக்குச் சரிவந்திருக்கு அண்ணை. ஓல்னேயிலை இருந்து பக்கம். ஓடி ஓடி ஏத்துற வேலை, இருக்கிற வேலை இல்லை. எனக்கெண்டே செய்து வைச்ச வேலை. ஆனால் உள்ளுக்கை போக பாட்ஜ் வேணும். பாட்ஜ் தர முந்திப் பொலிஸ் உன்ர பேரைத் தட்டிப் பாக்கும். திறந்த ஃபைல் ஒண்டு கிடந்தால் தரமாட்டாங்கள். இந்த மாசம் முடிய முந்தி பாட்ஜ் இல்லாட்டி வேறை ஆளை எடுப்பம் எண்டு சொல்லிப்போட்டினம். வெள்ளிக்கிழமை அந்த மனுசன் வந்து ஒரு சொல்லுச் சொன்னால் எனக்கு றுவாசி. வராட்டி நான் திரும்பவும் சோபா தூக்கிற கிருஷிகன்.

மாமாவும் ஆக்களுக்குச் சொல்லி வைச்சிருக்கிறார். அவருக்கு அது வேறை கவலை. கடை ஓடுகுதில்லை. திறந்த அண்டே வாசல்லை பொலிஸ் நிண்டால் ஆர் அங்கை சாமத்தியவீட்டுக்குக் கேக் சொல்லுவினம்? ஆனால் மாமா அப்பிடிப் பாக்கேல்லை. என்னை ஒரு மாதிரிப் பாத்து, நீ திரும்பிப் பாத்தனியோடா, உண்மையைச் சொல்லு எண்டு கேக்கிறார். ஒருக்கா இல்லை, காணுற நேரம் எல்லாம். வெலோப் பாதையிலை போடச் சொன்னது ஆர் எண்டு நான் கேட்டால் கேக் பெட்டி மடிக்கத் தொடங்கிடுவார். ஒராள் விழுந்து கை முறிஞ்சதோ தெரியாது எண்டு சொன்னால், ஓமடா, பாவம், ஆனால் நீ பாத்தனியோ பாக்கேல்லையோ எண்டு திரும்பவும் அதிலைதான் வந்து நிப்பார்.

நீங்கள் கேக்கிறது சரி. வந்தால் அவருக்கு என்ன நடக்கும்? நானும் அதைத்தான் ழான்-லூக்கிட்டைக் கேட்டனான். ஒண்டும் நடக்காது, அவர் பாதிக்கப்பட்டவர், அவருக்கு வைத்தியச் செலவு கூடக் கிடைக்கும் எண்டார். பேர் கேப்பியளோ எண்டன். ஓம் எண்டார். கார்ட்? ஓம், அடையாளத்துக்கு ஏதாவது காட்டோணும். அந்தாள் சூது வைச்சுச் சொல்லேல்லை. அவருக்குக் கார்ட் எண்டது எல்லாரின்ர சட்டைப் பையிலையும் இருக்கிற ஒரு சாமான். ஆனால் அந்தக் கட்டிடத்துக்கை போற வாசல்லை பையைத் திறந்து பாக்கிறதே பொலிஸ்தான்.

தெரிஞ்ச ஆரும் அப்பிடி விழுந்ததா உங்களுக்குக் கேள்விப்பாடு இல்லையோ? இல்லை. ஓம், எப்பிடித் தெரியும்? கனபேர் ஓடுகினம்தானே. பங்களாதேஷ்காரராயும் இருக்கலாம். மாலிக்காரராயும் இருக்கலாம்.

எனக்கு இந்த மன்னிப்புக் கேக்கிறது ஒரு விசர் வேலை மாதிரிக் கிடக்கண்ணை. ஃபிரெஞ்சிலை சுகம். பர்தோன் பர்தோன் எண்டு மெத்ரோவிலை காலை மிதிச்சாலும் சொல்லுவம், கதவை இடிச்சாலும் சொல்லுவம். தமிழிலை எங்கட வீட்டிலை ஆரும் அப்பிடிச் சொல்லி நான் கேட்டதில்லை. அப்பா ஒருக்கா அம்மாவோடை பெரிய சண்டை பிடிச்சிட்டு, அடுத்த நாள் நண்டு வாங்கிக்கொண்டு வந்து மேசையிலை வைச்சவர். அதுதான் மன்னிப்பு. அம்மா நண்டைக் கழுவத் தொடங்கினா, அதுதான் போதும் எண்டு சொல்லுறது. ழான்-லூக்கின்ர மேசையிலை நண்டு வைக்கேலுமோ?

இருங்கோ, ரொபேர் கையைக் காட்டுறார். வாறன் முசியே. கொஞ்சம். அந்தாள் கோபக்காரன் இல்லை, ஆனால் தண்ணியைத் திறந்து விட்டால் பிறகு நிக்கேலாது, தண்ணிக்குப் பின்னாலை போகோணும்.

அண்ணை, அந்தப் படியிலை விழுந்த தோளை இப்பிடி விடேலாது. நீங்கள் கப்பை வைச்சிட்டு ஒவ்வொருக்காலும் மூஞ்சையைச் சுழிக்கிறதைப் பாத்துக்கொண்டுதான் இருக்கிறன். ஆஸ்பத்திரியிலை பப்பியே இல்லாத ஆக்களுக்கெண்டே ஒரு வாசல் இருக்கு. அங்கை பொலிஸ் இல்லை, சத்தியமா. எங்கட கட்டிடத்திலை இருக்கிற ஆக்கள் போய் வந்தவை. பாசை தெரியேல்லை எண்டுதானே யோசிக்கிறியள்? நான் வாறன். நாளைக்கு வேலை முடிய நேரா இதிலை வந்து நிப்பன். நான் கதைக்கிறன், நீங்கள் தோளைக் காட்டினால் காணும். என்ன நடந்ததெண்டு கேட்டால் படியிலை விழுந்தது எண்டே சொல்லுவம். எந்தப் படி எண்டு கேட்டால், மார்க்ஸ் டோர்மோய் மெத்ரோப் படி எண்டுவம். அதிலை ஆர் விழுந்தாலும் நம்புவினம்.

ஒரு நாள் ஓடாட்டி தாடிக்காரன் பேசுவானோ? பேசட்டும். நாளைக்கு ஒரு நாள் அவன் எழும்பி ஓடட்டும்.

வெள்ளிக்கிழமையோ? வெள்ளிக்கிழமை போவன். தனியத்தான் போவன். தேடினனீரோ எண்டு கேப்பார். தேடினனான் எண்டுவன், அது பொய் இல்லை, இந்த ரோட்டிலை போன ஒவ்வொரு வெலோவையும் குனிஞ்சு பாத்தபடிதான் கூட்டினனான். ஆள் கிடைச்சதோ எண்டு கேட்டால், முகம் தெரியாமல் எப்பிடி முசியே, எங்கட வழக்கம்தான் உங்களுக்குத் தெரியுமே எண்டுவன். அவரே தன்ர கையாலை எழுதி வைச்சிருக்கிறார்.

றுவாசி போனால் போகட்டும் எண்டெல்லாம் சொல்லமாட்டன். எரிச்சல்தான். நல்லா எரியுது. ரெண்டு நாளா நித்திரை இல்லை. சும்மா பெரிய மனுசன் மாதிரிக் கதைச்சு என்ன, எனக்கு அந்த வேலை வேணும். காலமை இந்த ரோட்டுக்கு வரேக்கை கூட உங்களைக் கண்டால் என்ன கதைச்சுக் கூட்டிக்கொண்டு போறதெண்டுதான் யோசிச்சுக்கொண்டு வந்தனான். தமிழிலை சொல்லிப் பாடமாக்கினதும் கூட. பேந்து நீங்கள் படியிலை விழுந்தனான் எண்டியள்.

அந்தா, உங்கட ஓடர். கூப்பிடுகினம். பையை நான் தூக்கிக் கட்டி விடுறன், விடுங்கோ, வலக்கையைக் குடுக்காதேங்கோ.

ஹெல்மெற்றை விட்டிட்டுப் போறியள். இந்தாங்கோ. வார் அறுந்ததை இன்னும் மாத்தேல்லையோ? அண்டைக்கு இது உருண்டு போய் அந்த வெள்ளை வானுக்குக் கீழையெல்லே நிண்டது. நீங்கள் முதல் சாப்பாட்டுப் பையை நிமித்தி வைச்சு, மூடி திறந்திருக்கோ எண்டு பாத்திட்டு, பேந்துதான் ரோட்டிலை கவிண்டு படுத்து இடக்கையை விட்டு இதை இழுத்தெடுத்தனீங்கள்.

குறை நினையாதேங்கோ அண்ணை. திரும்பிப் பாக்காமல் வா எண்டுதான் மாமா சொல்லி விட்டவர்.